கிடைக்கவில்லை என்று எழுந்து நின்றவள்

‘கெடைக்கல’ என்ற சொல்லை அவள் சொல்வதுபோல வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாமெல்லாம் அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் எதையாவது போட்டு மூடுவோம். ‘கெடைக்கற மாதிரிதான் இருந்துச்சு, கடைசி நேரத்துல இன்னா ஆச்சுன்னா…’ என்று இழுப்போம். ‘நாங்களே வேணாம்னு விட்டுட்டோம்’ என்போம். அவளுக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. கேட்டவர் முகத்தை நேராகப் பார்த்து, ‘கெடைக்கல’ என்பாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். கேட்டவர்தான் எங்கே பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிவார்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. ஆம்பூரில் எங்கள் தெருக்காரர்களுக்குப் பெயர் தேவைப்படாது. மற்றவர்களுக்கு அதைத் தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவளுடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் கிடையாது, பக்கத்து வீட்டு அத்தை. அத்தைக்கு ஷூ கம்பெனியில் தையல் மெஷின். அவள் அப்பாவுக்கு, எங்கள் அப்பாவைப் போலவே, தோல் பதனிடும் டேனரியில் வேலை. அவருக்குப் பேச்சு கம்மி. நானும் அவளும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை சபையில் உட்காருவதும் ஒரே பாயில். அதனால் அவள் வாயால் நான் பட்ட பேஜார் கொஞ்சநஞ்சமல்ல.

நாங்கள் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது அவள் அக்காவை ஆற்காட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஊருக்குப் போன பிறகு, பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தை குழாயடியில் நின்று, ‘மாப்ள குடிப்பானாம். நாங்கதான் வேணாம்னுட்டோம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண்களும், ‘நல்லதாப் போச்சு, தப்பிச்சீங்க’ என்று தலையை ஆட்டினார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிய இவள் நின்று திரும்பினாள்.

‘இல்லம்மா, அவங்கதான அக்காவ வேணாம்னாங்க. அந்தண்ணன் குடிக்கறாருன்னு யாரும் சொல்லலியே?’

அத்தை முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்குப் போனதும் இவளுக்கு விழுந்த அடி சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது. எனக்கு அவள்மேல் பாவமே வரவில்லை, நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் வீங்கின கன்னத்தோடு வந்தவளிடம், ‘வாய வெச்சுக்கினு சும்மா இருக்கமாட்டியா?’ என்று சண்டைக்குப் போனேன். ‘அந்தண்ணன் இன்னாடி பண்ணாரு? நாளைக்கு அவருக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?’ என்றாள். அந்தக் கோணத்தில் எங்கள் தெருவில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை, நானும்தான்.

ஏதாவது கிடைக்காமல் போன அன்றைக்கு அவள் துணி துவைப்பாள். வீட்டு அழுக்குத் துணி அத்தனையும் துவைப்பாள். அது போதவில்லையென்றால் படுக்கை விரிப்பு, ஜன்னல் திரை. அதுவும் தீர்ந்தால் எங்கள் வாசலில் வந்து நின்று, ‘உங்கூட்டுல எதனா இருந்தா குடுடி’ என்பாள். பத்தாவது படிக்கும்போது ஏதோ ஒரு உதவித்தொகைப் பரீட்சை. மெனக்கெட்டுப் படித்து எழுதினாள், பெயர் வரவில்லை. அன்றைக்கு எங்கள் அப்பாவின் டேனரிச் சட்டைகளைக்கூட வாங்கிப் போய் அடித்துத் துவைத்தாள். அந்த நாற்றம் எந்த சோப்புக்கும் போகாது, அவளும் விடவில்லை. எங்கள் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். நான் துவைக்கிற கல் பக்கத்தில் உட்கார்ந்து, ‘பரவால்ல விடுடி’ என்றேன். நுரைக்கையோடு நிமிர்ந்தாள். ‘பரவால்லன்னு சொல்லாத. பரவால்லன்னா எதுக்கு நான் போய் எழுதணும்?’ என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் நான் அந்தச் சொல்லை எடுத்ததில்லை.

நான் பி.காம். முடித்து அத்தை வேலை செய்த அதே ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸில் சேர்ந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் வைத்த சின்ன அறை. யார் எப்போது உள்ளே வந்தார்கள், யார் லீவு என்று பார்க்கிற வேலை. அவள் வாணியம்பாடியில் பி.எஸ்சி. கணக்கு முடித்து ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியில் டீச்சராகப் போனாள். போய்க்கொண்டே எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வுகளுக்குப் படித்தாள். அவள் போட்டது மூன்று இடம். பெங்களூரில் ஒன்று, ஐதராபாத்தில் ஒன்று, டெல்லியில் ஒன்று. மூன்றும் நாடு பூராவும் இருந்து பிள்ளைகள் வந்து முட்டி மோதுகிற இடங்கள். எங்கள் தெருவிலிருந்து அதுவரை யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

வீட்டில் பேச்சு இப்படி இருந்தது. மூன்றில் ஒன்று கிடைத்தால் படிக்கட்டும். கிடைக்காவிட்டால் அப்பா அந்த வருடமே மாப்பிள்ளை பார்ப்பார். அப்பா அதிகம் பேசாதவர், ஆனால் சொன்னால் மாற்றமாட்டார். அவளும் அதற்குச் சரி என்று சொல்லியிருந்தாள். சரி என்று சொன்ன அன்று என்னிடம் வந்து, ‘எனக்கு ரொம்ப பயமா இருக்குதுடி’ என்றாள். இதையும் அதே குரலில், அதே நேர்ப்பார்வையோடுதான் சொன்னாள்.

இனி எங்கள் சபையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய கோபுரம் வைத்த கோயில் இல்லை, தகர ஷீட் போட்ட கூடம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், கீழே பாய். பாட்டும் ஜெபமும் முடிந்து பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம். அந்த வாரத்தில் தேவன் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஒருவர் பிள்ளைக்கு ஜுரம் விட்டிருக்கும், ஒருவர் மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கும். சொல்லி முடித்ததும் எல்லோரும் ‘ஸ்தோத்திரம்’ என்போம். பாஸ்டர் கையைக் காட்டுவார், கீபோர்டு அண்ணன் ஒரு பல்லவியை எடுப்பார், பாடுவோம், அடுத்த ஆள் எழுந்திருப்பார். ஜுரம் விடாதவர்களும் வேலை கிடைக்காதவர்களும் அந்த நேரத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பேசக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அப்படியே பழகிவிட்டது.

இதில் விசுவாச சாட்சி என்று ஒன்று உண்டு. இன்னும் கைக்கு வராததை வந்துவிட்டதாகவே நம்பி, முன்கூட்டியே நன்றி சொல்வது. அத்தை அதில் பெரிய ஆள். அக்காவுக்கு வரன் அமைவதற்கு முன்பே மருமகனுக்காக ஸ்தோத்திரம் சொன்னவர். அத்தையைக் குறை சொல்வது சுலபம். நாள் முழுக்கக் குனிந்து தோலைத் தைத்து, கழுத்து வலியோடு வீட்டுக்கு வந்து, மறுநாள் மறுபடி போகிறவருக்கு, வரப்போகிறது என்று நம்புவதைத் தவிர வேறு என்ன கையிருப்பு? அந்த நம்பிக்கையில்தான் ரெண்டு பெண்களை வளர்த்தார்.

பெங்களூர் ரிசல்ட் வருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை எழுந்தார். ‘பெங்களூருல பெரிய யுனிவர்சிட்டில எம்மகளுக்கு சீட்டு குடுத்த தேவனுக்கு கோடி ஸ்தோத்திரம்’ என்று சொல்லி அழுதார். அன்று அவள் சபையில் இல்லை, டெல்லி நுழைவுத்தேர்வு எழுத சென்னைக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் அங்கேயே எழுந்து மறுத்திருப்பாள். வழக்கமாக அத்தை சொல்வது விசுவாசமா, நடந்த விஷயமா என்று குரலை வைத்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். அன்று அவர் அழுத அழுகையில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆண்கள் பக்கம் அவள் பள்ளிக்கூடத்து கரஸ்பாண்டன்ட் உட்கார்ந்திருந்தார். அவரும் மனதார ‘ஸ்தோத்திரம்’ என்றார். அந்த வாரமே அவள் இடத்துக்கு வேறு டீச்சரைப் பேசி முடித்துவிட்டார்.

அவர்மேல் என்ன தப்பு சொல்வது? பெற்ற தாயே சபையில் எழுந்து நின்று சொன்ன பிறகு, ஜூனில் பள்ளி திறக்க ஆள் வேண்டாமா அவருக்கு? இவள் போய், ‘சார், இன்னும் ரிசல்ட்டே வர்ல’ என்று சொல்லியிருக்கிறாள். ‘வேற பொண்ணுக்கு வாக்கு குடுத்துட்டேனேம்மா. உனக்கு இன்னா, பெரிய எடத்துக்குப் போறவ’ என்று சிரித்து அனுப்பிவிட்டார். தெருவில் எல்லோரும் கை கொடுத்தார்கள். எங்கள் கம்பெனி சூப்பர்வைசர்கூட டைம் ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்து, ‘உன் தோஸ்து பெங்களூரு போவுதாமே?’ என்றார். அடுத்த வியாழக்கிழமை பெங்களூர் ரிசல்ட் வந்தது. அவள் பெயர் இல்லை.

வேலையும் போய், சீட்டும் போய், அவள் வீட்டுத் துணி எங்கள் கொடியிலும் காய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம். யாரோ ஒருவர் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைச் சொல்லி உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது. என் பக்கத்தில் பாய் அசைந்தது. இவள் எழுந்து நிற்கிறாள். நான் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன், மெதுவாக என் கையை எடுத்துவிட்டாள்.

‘பெங்களூருல எனக்கு சீட்டு கெடைச்சிருச்சுன்னு அம்மா அன்னிக்கு இங்க சொன்னாங்க. கெடைக்கல. வியாழக்கெழம ரிசல்ட் வந்துச்சு, எம்பேரு இல்ல. ஐதராபாத்தும் டெல்லியும் இன்னும் வர்ல. அவ்ளோதான்.’

உட்கார்ந்துவிட்டாள். ஸ்தோத்திரம் சொல்வதா வேண்டாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் அவசரமாகக் கையைக் காட்டினார், கீபோர்டு அண்ணன் அதைவிட அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார். நாங்களும் சத்தமாகப் பாடினோம். அத்தை மட்டும் பாடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தை எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். தெரு முனைக்கு வந்ததும் வெடித்துவிட்டார். ‘நான் விசுவாசமா அறிக்கை பண்ணத எல்லாம் நீ ஒரு வாயில கெடுத்துட்டியேடி! இன்னும் ரெண்டு பாக்கி இருக்குதே. கெடைக்கல கெடைக்கலன்னு நீயே சொன்னா எப்டிடி கெடைக்கும்?’

‘நான் சொல்றதால போவாதும்மா. மார்க்கு கம்மியா இருந்தாதான் போவும்.’

‘பெரிய இவ! கணக்கு படிச்சா எல்லாம் தெரிஞ்சிருமா?’

அன்றிலிருந்து தாயும் மகளும் ஒரே வீட்டில் ரெண்டு வீடாக இருந்தார்கள். அத்தை டைம் ஆபீஸுக்கு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘நீயாவது எடுத்து சொல்லுடி. நீ சொன்னாதான் கேக்கும்’ என்று கண் கலங்குவார். நான் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்? இருந்தாலும் போய்க் கேட்டேன். ‘இன்னாடி அவசரம் உனக்கு? மூணும் வந்தப்பறம் சொன்னா கொறைஞ்சா போய்டுவ?’

‘எல்லாரும் கை குடுக்கறாங்கடி. ஒவ்வொரு வாட்டியும் யாரோ தொலைச்ச பொருள நான் வாங்கி பையில போட்டுக்கற மாதிரி இருக்குது. எனக்குத் தாங்கல’ என்றாள். அவளுக்குத் தாங்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை அவளுக்குத் தோல் கெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐதராபாத்தில் எழுத்துத்தேர்வில் தேறிவிட்டாள். நேர்காணல் போனிலேயே, முகம் பார்த்து. அவள் வீட்டில் சிக்னல் சரியாக வராது என்று எங்கள் வீட்டு மாடியில்தான் உட்கார்ந்து பேசினாள். நான் படியில் நின்று காவல். இங்கிலீஷில் தட்டுத் தடுமாறி ஆரம்பித்தவள், கணக்கைப் பற்றிக் கேட்க ஆரம்பித்ததும் மளமளவென்று போனாள். கடைசியில் அந்தப் பக்கமிருந்து யாரோ சிரித்து, நன்றாகச் சொன்னாய் என்றார்கள். இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் தானாகக் கட்டிப்பிடித்தது அந்த ஒருமுறைதான். அத்தையிடம் போய் நானே சொன்னேன். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார். சபையில் எழுந்து சொல்லாமல் மட்டும் தன்னை அடக்கிக்கொண்டார். பாவம், அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

அதுவும் கிடைக்கவில்லை. வாசல்வரை வரச்சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினது போல எனக்கே ஆத்திரம் வந்தது. நான் அந்த யுனிவர்சிட்டியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் திட்டவில்லை. ‘என்னவிட நல்லா செஞ்சவங்க இருந்திருப்பாங்க’ என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ‘அது எனக்கு ஆறுதலா இல்ல’ என்றும் சொன்னாள்.

அந்த ஞாயிறு மறுபடி எழுந்தாள். ‘ஐதராபாத்தும் கெடைக்கல. இன்டர்வியூ வரைக்கும் போனேன். நல்லா செஞ்சேன்னுதான் நெனச்சேன். டெல்லி ஒண்ணு பாக்கி இருக்குது.’ இந்தத் தடவை யாரும் திடுக்கிடவில்லை, ஆனால் கூடத்தில் ஒரு சங்கடம் இருந்தது.

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வயதான அம்மா வந்து அவள் கையைப் பிடித்தார். என்னைப் பார்த்துத் தயங்கி, அப்புறம் பரவாயில்லை என்று நினைத்தாரோ என்னவோ, ‘எம்மருமவளுக்கு மறுபடியும் கலைஞ்சிருச்சும்மா. நான் யார்ட்டயும் சொல்லல’ என்றார். இவள், ‘எப்போ?’ என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அந்த அம்மா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவளை அழைத்துப் போய் வெகுநேரம் பேசினார். அடுத்த வாரம் வேறு ஒருவர். துபாயிலிருந்து லீவில் வந்திருப்பதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர், அங்கே வேலை போய்விட்டது என்று அவளிடம் சொன்னார். நான் வெயிலில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டிருப்பேன். ‘நீ இன்னாடி பாஸ்டரம்மாவா?’ என்று எரிந்து விழுந்தேன். ‘நான் ஒண்ணும் சொல்றதில்லடி. அவங்க சொல்றாங்க’ என்றாள்.

பாஸ்டர் நல்ல மனிதர். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, ‘நீ சொல்றது தப்புன்னு சொல்லலம்மா. ஆனா சாட்சி நேரம் நன்றி சொல்றதுக்கு. மத்தத ஜெப அறையில வந்து என்கிட்ட சொல்லு’ என்றார். ‘கெடைக்காம போனதும் இந்த வாரம்தான பாஸ்டர் நடந்துச்சு?’ என்று கேட்டாள். எதிர்த்துப் பேசுகிற தொனியே இல்லை, தெரியாமல்தான் கேட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினார்.

டெல்லி ரிசல்ட் இழுத்துக்கொண்டே போனது. வேலை இல்லாததால் பகலெல்லாம் வீட்டில்தான் இருந்தாள். அத்தைக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வருவாள். அப்பா ஏலகிரிப் பக்கம் ஒரு வரன் இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டதே, அவளுக்குக் கேட்காதா?

‘ரெண்டு எடத்துல வேணாம்னதால மூணாவது எடத்துலயும் வேணாம்னுவாங்கன்னு கெடையாது. அதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல’ என்று ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி சொன்னாள். நான் கேட்கவே இல்லை, தானாகச் சொன்னாள். அப்புறம், ‘மூளைக்கு அது நல்லாத் தெரியுதுடி. வயித்துக்குத்தான் தெரியமாட்டேங்குது’ என்றாள். முகம் ஒடுங்கிப் போயிருந்தது. நான் என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு இட்லியை எடுத்து நீட்டினேன். வாங்கி, சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ரிசல்ட் வந்த அன்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மத்தியான சங்கு ஊதுவதற்குச் சற்று முன்பு. கேட்டுக்கு எதிரில் புளியமரத்தடியில் சாப்பாட்டுக் கூடையோடு நின்றவள் போனை எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அதைப் பைக்குள் போட்டுவிட்டு, கூடையின் மேல் போட்டிருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி மடித்துப் போட்டாள். சங்கு ஊதியது. நூல் பிசிறு ஒட்டின மேல்கோட்டைத் தட்டிக்கொண்டே அத்தை வெளியே வந்தார்.

‘வந்துச்சா?’

‘இன்னும் வர்லம்மா’ என்றாள் அவள், கூடையைப் பார்த்துக்கொண்டே.

அடக் கடவுளே என்று ஆகிவிட்டது எனக்கு. குழாயடியில் நின்று தாயையே மறுத்துப் பேசிய பெண், சபை முழுவதையும் எதிரே வைத்துக்கொண்டு கெடைக்கல என்று சொன்ன பெண், பொய் சொல்கிறாள். அதுவும் நாங்கள் எல்லோரும் சொல்வது போலவே, அசட்டுத்தனமாகச் சொல்கிறாள். எத்தனை வருடம் நான் அவளிடம் கொஞ்சம் மறைக்கக் கற்றுக்கொள் என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்! அன்று கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அத்தை அவளையே பார்த்தார். கூடையை வாங்கிக்கொண்டு, ‘வெயில்ல நிக்காத, ஊட்டுக்குப் போ’ என்று மட்டும் சொன்னார். அவள் போன பிறகு ஜன்னலுக்கு வந்தார்.

‘கெடைக்கல’ என்றார்.

‘எப்டி அத்த? அவதான் வர்லன்னு சொன்னாளே?’

‘எம்மூஞ்சியப் பாக்காம சொல்லுச்சேடி’ என்றார். அன்று அந்தக் கூடை பிரிக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அப்பா அந்த வரனை விட்டுவிட்டார். அத்தை என்ன சொன்னாரோ தெரியாது. அவள் வேலூரில் இடம் கிடைத்த ஒரு கல்லூரிக்கு ரயிலில் போய்வந்து எம்.எஸ்சி. முடித்தாள். இப்போது வெளியூரில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்வி. நாங்கள் தெரு மாறி, நானும் கல்யாணமாகி வந்த பிறகு தொடர்பு விட்டுப்போயிற்று. அவளை நினைத்தால் எனக்கு அதெல்லாம் ஞாபகத்துக்கு வருவதில்லை. கேட்டில் பொய் சொன்ன வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது.

அந்த வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை ரெண்டு நாளும் அவள் வெளியே தலைகாட்டவில்லை. கொடியில் துணி காயவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. ஞாயிறு காலை வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். அத்தை அவளுக்கு அந்தப் பக்கம். சாட்சி நேரம் என்று பாஸ்டர் சொன்னதும் கூடத்தில் பாதிப் பேர் தலை எங்கள் பாய்ப் பக்கம் திரும்பியது. அவள் எழுந்திருக்கவில்லை. பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டு குனிந்திருந்தாள். ஒருவர் எழுந்தார், சொன்னார், பாடினோம். இன்னொருவர் எழுந்தார். அவள் அசையவில்லை.

அத்தை எழுந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் விசுவாசம், மறுபடியும் டெல்லி சீட்டுக்கு ஸ்தோத்திரம் என்று ஆரம்பிக்கப்போகிறார், இந்தப் பெண் செத்தே போய்விடும் என்று நினைத்து, ‘அத்த, வேணாம் அத்த’ என்று அவர் புடவையை எட்டிப் பிடித்தேன். அவர் கவனிக்கவே இல்லை. முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டார். ‘தேவனுக்கு ஸ்தோத்திரம்’ என்று வழக்கம்போல ஆரம்பித்தார். நாங்களும் ‘ஸ்தோத்திரம்’ என்றோம். நின்றுகொண்டே இருந்தார்.

‘எம்மகளுக்கு டெல்லிலயும் கெடைக்கல’ என்றார்.

பழக்க தோஷத்தில் ஆண்கள் பக்கம் யாரோ ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

‘மொத வாட்டி கெடைச்சிருச்சுன்னு நாந்தான் சொன்னேன். அதால எம்மகளுக்கு இருந்த வேல போச்சு. ரெண்டாவது வாட்டி, அது வாயாலதான் கெட்டுச்சுன்னு சொன்னேன். அதுவும் கெடையாது. எம்மக நல்லாதான் படிச்சுது. ராப்பகலா படிச்சுது. கெடைக்கல. எனக்கு… எனக்கு ரொம்ப வலிக்குதுங்க.’

அவ்வளவுதான் சொன்னார், உட்காரவில்லை. கீழே என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். அவள் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, முழங்காலில் முகத்தை வைத்து, வாய்விட்டு அழுதாள். பெங்களூருக்கு அழவில்லை, ஐதராபாத்துக்கு அழவில்லை, அடி வாங்கின அன்றுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளை போல மூச்சை இழுத்து இழுத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கம்போலக் கையைக் காட்டினார். கீபோர்டில் முதல் சுரம் எழுந்தது.

‘இருங்க பாஸ்டர்’ என்றார் அத்தை. ஒரு கையை மகள் தலையில் வைத்திருந்தார், இன்னொரு கையை நீட்டி அவரைத் தடுத்தார். ‘எம்பொண்ணு அழுதுக்கட்டும். முடிச்சதும் நானே சொல்றேன், அப்பறம் பாடலாம்.’

கீபோர்டு நின்றது. பாஸ்டர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சபை மொத்தமும் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தது.